சிட்னி வரை போன விருத்தாசலம் சிலை... திருப்பிக் கொண்டுவந்த போட்டோ! - 'மியூசியம் படிப்பு' எதற்கு?

"அக்கா, திங்கட்கிழமைக்குள்ள மைனர் என்ன எடுக்கறேன்னு சொல்லணும். லிஸ்ட்ல 'அருங்காட்சியகமும் பண்பாட்டு மரபும்'னு ஒண்ணு இருக்கு. எனக்கு ஆசையா இருக்கு. அப்பாதான் முறைக்கிறாரு. நீ வந்து ஒரு வார்த்தை பேசேன்..."

சித்தி மகளிடமிருந்து போன். பாண்டிச்சேரியில் பி.எஸ்சி வேதியியல் படிக்கிறாள். வீடு விருத்தாசலம். சித்தப்பா அங்கே ஒரு பீங்கான் யூனிட்டில் கிட்டத்தட்ட 30 வருஷம் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை காலை நான் போய் இறங்கியதும், காபி டம்ளரைக் கையில் கொடுத்தபடியே ஆரம்பித்துவிட்டார்.

"நீயே சொல்லும்மா... மியூசியத்துல டிக்கெட் கிழிக்கறதுக்கு எதுக்கு காலேஜ்ல பாடம்? கம்ப்யூட்டர் எடுத்தாலாவது நாலு காசு வரும்."

அவர் கேட்பதில் தப்பில்லை. இன்று பல வீடுகளில் ஓடும் பேச்சுதான் இது. அன்று நாள் முழுக்க விருத்தாசலத்தைச் சுற்றினோம். அவர் கேள்விக்குப் பதில் அந்த ஊரிலேயே இருந்தது.

மைனர் என்றால் என்ன?

முதலில் இந்த 'மைனர்' விஷயத்தைப் பார்த்துவிடலாம். யு.ஜி.சி 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கான புதிய கிரெடிட் முறையை வெளியிட்டது. அதன்படி மாணவர் ஒரு முதன்மைப் பாடம் படிப்பார். அதுதான் 'மேஜர்'. அதோடு வேறொரு துறையிலும் ஓரளவு ஆழமாகப் படிக்கலாம். அதுதான் 'மைனர்'. மூன்று வருடப் படிப்பில் மொத்தம் 120 கிரெடிட் என்றால், அதில் குறைந்தது 24 கிரெடிட் மைனருக்கு. நான்கு வருடம் படித்தால் 160-ல் 32.

நம் ஊர்க் கல்லூரிகளில் பல வருடங்களாக இருக்கும் 'அலைடு' பாடத்துக்கு இது ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. அலைடு பெரும்பாலும் மேஜரை ஒட்டியே இருக்கும்; காலேஜே முடிவு செய்துவிடும். மைனரில் மாணவர் கொஞ்சம் தள்ளிப்போய், தனக்குப் பிடித்த துறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் வேதியியல் படிக்கும் பெண்ணால் அருங்காட்சியகப் படிப்பை யோசிக்க முடிகிறது.

"சரி, அதுல என்னதான் சொல்லித் தருவாங்க?" என்றார் சித்தப்பா.

"வாங்க சித்தப்பா, கோயிலுக்குப் போயிட்டு வந்து பேசலாம்" என்று கிளம்பினோம்.

மாடத்தில் இருந்தவர் எங்கே போனார்?

விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். மணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் எல்லாமே ஐந்து ஐந்தாக இருக்கும் என்பது ஊர்ப் பெருமை. கண்டராதித்த சோழரின் மனைவி செம்பியன் மாதேவி 10-ம் நூற்றாண்டில் கல்லால் எடுப்பித்த கோயில்களில் இதுவும் ஒன்று.

கருவறையின் வெளிச்சுவர் மாடங்களை 'கோஷ்டம்' என்பார்கள். நாம் பிராகாரம் சுற்றும்போது தட்சிணாமூர்த்தியையும் துர்க்கையையும் கும்பிடுகிறோமே, அந்த மாடங்கள்தான். இந்தக் கோயிலில் அப்படி ஒரு மாடத்தில் நின்றவர், பாதி சிவனும் பாதி பார்வதியுமான அர்த்தநாரீஸ்வரர். சோழர் காலத்துக் கல் சிற்பம்.

ஒரு கட்டத்தில் அவர் அங்கே இல்லை. மாடம் காலியாக இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அங்கே புதிதாகச் செய்த வேறொரு சிலை நின்றது. விளக்கு எரிந்தது, மாலை விழுந்தது, மக்கள் கும்பிட்டுப் போனார்கள்.

பழைய அர்த்தநாரீஸ்வரர் கடல் தாண்டிப் போயிருந்தார். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் ஓவியக் கூடம் 2004-ல் சுமார் 3 லட்சம் டாலர் கொடுத்து அவரை வாங்கியிருந்தது. விற்றவர், நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர். சிலை 1970-லேயே டெல்லிக் கடை ஒன்றில் முறையாக வாங்கப்பட்டதாகக் காட்டும் ரசீதையும் சேர்த்தே கொடுத்திருந்தார்.

சுபாஷ் கபூர் 2011-ல் ஜெர்மனியில் கைது செய்யப்பட்டு, 2012-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அதன்பிறகு, அவரிடம் வாங்கிய அருங்காட்சியகங்களின் பக்கம் உலகின் பார்வை திரும்பியது. சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே கோயில் சிற்பங்களைத் தேடிவந்த எஸ்.விஜய் குமார் போன்ற ஆர்வலர்கள், அந்த அருங்காட்சியகங்களில் இருந்த சிலைகளைப் பழைய படங்களோடு ஒப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்போது கைகொடுத்தது ஒரு புத்தகம். சோழர் காலக் கட்டடங்களையும் சிற்பங்களையும் பற்றி டக்ளஸ் பாரெட் என்ற ஆய்வாளர் எழுதி 1974-ல் வெளியான நூல் அது. அதில் விருத்தாசலம் கோயில் மாடத்தில் நிற்கும் அர்த்தநாரீஸ்வரரின் படம் இருந்தது. 1970-ல் டெல்லிக் கடையில் விற்றாகிவிட்டது என்றது ரசீது. அவர் விருத்தாசலம் சாமி என்றது புத்தகம்!

2014 செப்டம்பர் 5-ம் தேதி, அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்தபோது, இந்த அர்த்தநாரீஸ்வரரையும் அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராஜரையும் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். சுபாஷ் கபூருக்கு வேறொரு சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டுகள் சிறைத் தண்டனை விதித்தது.

அது ஒன்று மட்டுமல்ல!

இதே கோயிலின் பிரத்யங்கரா தேவி கல் சிலையும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தது. கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசிய ஓவியக் கூடம் 2005-ல் அதை சுமார் 2.5 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. விற்றது அதே சுபாஷ் கபூர்.

இந்த முறை சாட்சி சொன்னது நம் பக்கத்து ஊர். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1950-களிலிருந்தே தமிழ்நாட்டின் கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில், எந்த இடம் என்று எழுதி அடுக்கி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஒன்று, 1974-ல் விருத்தாசலத்தில் எடுத்த பிரத்யங்கராவின் கறுப்பு வெள்ளைப் படம். 2016-ல் தேவியும் இந்தியாவுக்குத் திரும்பினாள்.

பிராகாரத்தில் நின்றபடி இதைச் சொல்லி முடித்தபோது சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் சின்ன வயசுல இருந்து சுத்துற கோயிலும்மா இது. மாத்தி வெச்சது எனக்கே தெரியாம போச்சே" என்றார்.

அன்று படம் எடுத்தவர்களுக்கு இது ஒருநாள் திருட்டு வழக்கில் சாட்சியாகும் என்று தெரிந்திருக்காது. ஒழுங்காக எடுத்தார்கள், ஒழுங்காக எழுதினார்கள், ஒழுங்காக வைத்தார்கள். அவ்வளவுதான். அருங்காட்சியகப் படிப்பின் அடித்தளமே இந்த மூன்றும்தான்.

ஒன்பது கேள்விகள்

இப்படிப் பதிவு செய்வதற்கு உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. பெயர் 'ஆப்ஜெக்ட் ஐடி'. பொருளுக்கான அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளையின் முயற்சியில் உருவாகி 1997-ல் வெளியானது. ஒரு பொருள் திருடுபோனால், அதைப் பார்க்காத போலீஸ்காரர்கூட அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பல கோணங்களில் படம் எடுத்துவிட்டு ஒன்பது கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும்.

இது என்ன பொருள்? எதனால், எப்படிச் செய்தது? அளவு என்ன? எழுத்து, முத்திரை ஏதாவது உண்டா? இதற்கு மட்டுமே உரிய அடையாளம் என்ன? பெயர் உண்டா? எதைச் சித்திரிக்கிறது? எந்தக் காலத்தது? செய்தவர் யார்? கடைசியாக, சொந்த வார்த்தையில் ஒரு சிறு விவரிப்பு.

இதில் ஐந்தாவது கேள்விதான் போலீஸுக்கு முக்கியம். மூக்கு நுனியில் உடைப்பு, கல்லில் ஓடும் ஒரு கோடு, விரலில் விழுந்த சில்லு... இதெல்லாம் மனிதரின் மச்சம் மாதிரி. எவ்வளவு பெரிய கைகாரர் நகல் எடுத்தாலும் உடைப்பை அப்படியே உடைக்க முடியாது.

வேதியியல் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை?

"கெமிஸ்ட்ரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்பது சித்தப்பாவின் அடுத்த கேள்வி.

நிறைய சம்பந்தம் உண்டு. 1851-ல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் செயல்பட்டது. அங்கே பணியாற்றிய எஸ்.பரமசிவன் வேதியியலாளர். செப்புத் திருமேனிகளில் வெளிர்பச்சையாகப் பொடி பூத்து, உலோகத்தையே அரித்துவிடும் ஒரு கோளாறு வரும். 'வெண்கல நோய்' என்பார்கள். மண்ணிலும் காற்றிலும் இருக்கும் குளோரைடு உப்புதான் காரணம். மின்பகுப்பு முறையில் இப்படிப்பட்ட சிலைகளைக் காப்பாற்றியவர் பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்கள் எந்த முறையில் வரையப்பட்டன என்றும் ஆராய்ந்தார். இன்று எழும்பூரில் நாம் வாய் பிளந்து பார்க்கும் சிலைகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சோதனைக்கூட உழைப்பு இருக்கிறது.

சித்தி மகளின் முகத்தில் வெளிச்சம். "அக்கா, எலக்ட்ராலிசிஸ் இந்த செமஸ்டர்தான் படிச்சேன்!"

அட்டை இல்லாத பீங்கான்

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா பரணில் ஏறி ஒரு மரப்பெட்டியை இறக்கினார். உள்ளே பழைய பேப்பரில் சுற்றிய பிளாஸ்டர் அச்சுகள். பிள்ளையார், தவழும் கிருஷ்ணர், செட்டியார் பொம்மை.

விருத்தாசலம் என்றால் பலருக்கு ஞாபகம் வருவது பீங்கான்தான். நெய்வேலி பக்கத்தில் நிலக்கரிப் படிவத்தோடு நல்ல களிமண்ணும் கிடைக்கிறது. அதை நம்பி பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் கல்வி நிலையமும் இங்கே வந்தன. கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சாரக் கம்பிக்கான இன்சுலேட்டர் என்று பலதும் இங்கே செய்தார்கள். நம் வீட்டு மெயின் போர்டில் இருந்த வெள்ளை ஃபியூஸ் கட்டை ஞாபகம் இருக்கிறதா? அதுவும் விருத்தாசலம் சரக்குதான். எம்.சி.பி சுவிட்ச் வந்தபிறகு, ஃபியூஸ் கட்டை வீடுகளிலிருந்து மெள்ள மறைந்துவிட்டது.

"மண்ணைக் கரைச்சு பாலாடை பதத்துக்குக் கொண்டு வரணும். அதுக்குப் பேரு ஸ்லிப். இந்த அச்சுல ஊத்தினா, பிளாஸ்டர் தண்ணியை உறிஞ்சிக்கும். ஓரத்துல தடிமன் ஏறினதும் மிச்சத்தைக் கவுத்துடணும். அதான் பொம்மை உள்ள கூடா இருக்கு" என்று விளக்கினார். ஒரு அச்சையும் அதில் வார்த்த பிள்ளையாரையும் பக்கத்தில் வைத்தார். பிள்ளையார் அச்சைவிடச் சின்னதாக இருந்தார். "சூளையில வேகும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும்னு கணக்குப் போட்டுத்தான் அச்சே வெட்டணும். அது கைக்குத்தான் தெரியும்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. கல்லில் செய்த அர்த்தநாரீஸ்வரருக்கு ஒரு படம் இருந்தது. அதனால் திரும்பி வந்தார். சித்தப்பாவின் கையில் இருக்கும் இந்தக் கணக்கை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

சட்டமும் இதற்குத் துணை வராது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 வருடம் ஆன பொருள்தான் 'தொல்பொருள்'. கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடம். சித்தப்பாவின் அச்சு இன்னும் நடுவயதைக்கூடத் தாண்டவில்லை. நூறு வருடம் காத்திருந்தால் தொல்பொருள் ஆகும். அதுவரை யார் வைத்திருப்பார்கள்?

ஓட்டாஞ்சில்லு சொன்ன வரலாறு

'பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் ஒரு பாரம்பரியமா?' என்று சிரிப்பவர்கள், பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். ரோமானியர்களோடு நம்மவர்கள் செய்த வணிகத்துக்குக் காலம் கணிக்க அவருக்கு உதவியவற்றில் முக்கியமானது, இத்தாலியில் செய்த உடைந்த மண்கலத் துண்டுகள். அவற்றில் செய்தவரின் முத்திரை இருந்தது. அன்றைக்கு அவையும் சாதாரணத் தட்டும் கிண்ணமும்தான். கீழடியில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் கூட்டம் நின்று பார்ப்பதும், பெயர் கீறிய பானை ஓடுகளைத்தான்.

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்று ஓர் ஊர் உண்டு. அதுவும் பீங்கான் ஊர். பாட்டில் வடிவத்தில் சுமார் 2,000 சூளைகள் அங்கே இருந்தன. இன்று 50-க்கும் குறைவு. 1970-களில் இடிக்கப்பட இருந்த கிளாட்ஸ்டோன் என்ற பீங்கான் ஆலையைக் காப்பாற்றி, அப்படியே அருங்காட்சியகம் ஆக்கினார்கள். ராஜா காலத்துப் பொருள் எதுவும் அங்கே இல்லை. தொழிலாளி நின்று வேலை பார்த்த இடமும் கருவியும்தான் காட்சிப்பொருள்.

எழுதக் கூடாததும் உண்டு

பதிவு செய்யக் கற்பதோடு, எதைப் பதிவு செய்யக் கூடாது என்பதையும் இந்தப் படிப்பில் கற்க வேண்டும். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் 'பிராது கட்டும்' வழக்கம் இருக்கிறது. பணத்தை ஏமாற்றினார்கள், மாடு தொலைந்தது, மகன் பேசவில்லை என்று தங்கள் குறையைத் தாளில் எழுதி, அங்கே வேலில் கட்டிவிட்டு வருவார்கள். கோர்ட்டுக்குப் போவது போல சாமியிடம் மனு!

இதுவும் பண்பாட்டு மரபுதான். கையில் பிடிக்க முடியாத இப்படிப்பட்ட வழக்கங்களைக் காப்பதற்காக 2003-ல் யுனெஸ்கோ தனி ஒப்பந்தமே கொண்டுவந்தது. இந்த வழக்கத்தை எழுதலாம், கட்டும் முறையைக் கேட்டுப் பதியலாம். ஆனால் ஒருவர் சாமிக்கு எழுதியதைப் பிரித்துப் படம் எடுக்க நமக்கு உரிமை இல்லை. அனுமதி கேட்பது எப்படி, எங்கே கேமராவை இறக்குவது என்பதும் பாடம்தான்.

வேலை கிடைக்குமா?

சித்தப்பாவின் முதல் கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். மைனர் மட்டும் வேலை வாங்கித் தராது. அரசு அருங்காட்சியகங்களில் 'காப்பாட்சியர்' பணிக்கு டி.என்.பி.எஸ்.சி மூலம் ஆள் எடுக்கிறார்கள். இடங்கள் குறைவு, மேற்படிப்பும் வேண்டும்.

மைனரில் ஆர்வம் பிடித்துவிட்டால் மேலே படிக்க வழிகள் உண்டு. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் 1952-லேயே அருங்காட்சியகவியல் துறை தொடங்கிவிட்டார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல், சுவடி சார்ந்த துறைகள் இருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனத்தில் முதுகலை முடித்தவர்களுக்கு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு, உதவித்தொகையோடு இருக்கிறது.

சேர்வதற்கு முன் காலேஜில் மூன்று விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். ஏதாவது அருங்காட்சியகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ நேரடிப் பயிற்சி உண்டா? பொருளைக் கையில் எடுத்துப் பதிவு செய்யச் சொல்லித் தருவார்களா, வெறும் நோட்ஸ்தானா? மேற்படிப்புக்கு இந்த மைனர் கிரெடிட் ஏற்கப்படுமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தைரியமாகச் சேரலாம்.

செய்தவர்: ...

இரவு சாப்பாடு முடிந்ததும் சித்தி மகள் ஒரு நோட்டைப் பிரித்தாள். பிள்ளையார் அச்சை வெள்ளை வேட்டி மேல் வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். பொருள்: கொலு பொம்மை அச்சு. இரண்டு துண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அடையாளம்: இடது காது ஓரத்தில் சில்லு.

"அது நான் கீழ போட்டது. மேனேஜர் திட்டினாரு" என்று சிரித்தார் சித்தப்பா.

'செய்தவர்' என்ற இடத்தில் பேனா நின்றது. "கம்பெனி பேரு போடு" என்றார். அவள் தலையாட்டிவிட்டு அப்பா பெயரை எழுதினாள்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார். பிரமாதமான அர்த்தநாரீஸ்வரரைச் செதுக்கியவரின் பெயர் நம்மிடம் இல்லை. விருத்தாசலத்தின் ஒரு பிள்ளையார் அச்சுக்கு இனி பெயர் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். தறிக் கட்டை, தட்டார் சுத்தியல், பாட்டியின் பாத்திரம்... இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். படம் எடுத்து, ஒன்பது கேள்விக்கும் பதில் எழுதி வையுங்கள். பதில் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை சித்தி மகளிடமிருந்து மெசேஜ். "அக்கா, ஃபார்ம் குடுத்துட்டேன். அப்பாவே கையெழுத்துப் போட்டாரு. நேத்து ராத்திரி திரும்ப நோட்டை வாங்கிட்டாரு. அந்த அச்சு வெட்டும்போது கூட இருந்தவங்க ரெண்டு பேர் பேரு விட்டுப்போச்சாம்!"